பத்து நாள் முன்னால் அச்சாகும் பக்கம்

சிறுவர் பக்கம் தயாரிப்பவர்களின் காலண்டர் ஊரார் காலண்டரைவிடப் பத்து நாள் முன்னால் ஓடும். வண்ணத் தாள் என்பதால், எங்கள் வாரப் பத்திரிகையின் மற்றப் பக்கங்களுக்கு முன்பே அது அச்சாகி, ஓசூர் அச்சகத்தின் மூலையில் கட்டுக்கட்டாகக் காத்திருக்கும். புதிருக்கும் புள்ளிக் கோலத்துக்கும் அதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் 'நம் நாடு கண்ட போர்கள்' என்று மைசூர்ப் போர்களில் தொடங்கி இன்றைய எல்லை வரை பத்து வாரத் தொடர் ஒன்று போட்டேன். பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் தெரியாமல் விழிக்கும் பெற்றோர்களே, ஆசிரியர்களே, நான் பட்டது உங்களுக்குப் புரியும்.

எத்தனாவது வாரம்?

முதல் வாரமே ஒரு போன். பேசியவள் ஆறாம் வகுப்பு நிவேதா. வேப்பனப்பள்ளிப் பக்கத்துக் குடும்பம். அம்மா பார்வதிக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் ஓசூரில் வாடகை வீடு. அப்பா ராணுவத்தில், வடக்கே எல்லையில். பத்து வாரத் தலைப்புகளையும் கட்டம் கட்டி வெளியிட்டிருந்தேன். அவற்றை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துவிட்டு, "இதெல்லாம் பழசு சார். எங்கப்பா இருக்கிற வாரம் எத்தனாவது?" என்று கேட்டாள்.

பத்தாவது என்றேன். மெதுவாகக் கேட்டாள்: "அப்ப அதுவரைக்கும் அவரு அங்கயே இருக்கணுமா சார்?"

மூட்டைக்கு என்ன நிறம்?

இரண்டாம் வாரம் ராயக்கோட்டைக் கோட்டையின் படம். மைசூர்ப் படைக்குப் பச்சை, கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குச் சிவப்பு. எந்த ஆண்டு யார் கையில் இருந்தது என்று மூன்று புத்தகங்களில் சரிபார்த்திருந்தேன். ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி ஏலம் விடுகிறவர் ஒருவர், மகனின் பிரதியோடு நேரில் வந்துவிட்டார்.

"ரெண்டு கலர் இருக்கு. நாங்க எந்தக் கலருங்க?" என்றார். இரண்டு படையிலும் இந்தப் பக்கத்து ஆட்கள் இருந்திருக்கலாம் என்றேன். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. "மேல எந்தக் கொடி பறந்தா என்ன சார், கீழேருந்து ராகி மூட்டை ஏத்துனவன் எங்காளு. அந்த மூட்டைக்கு ஒரு கலர் போட்டிருக்கலாமில்ல?"

அம்புக்குறிகள்

உலகப் போர்களுக்கு உலக வரைபடம். இந்தியாவிலிருந்து நம் வீரர்கள் அனுப்பப்பட்ட நாடுகளுக்கெல்லாம் அம்புக்குறி போடச் சொன்னேன். பக்கம் வடிவமைக்கும் மஞ்சுநாத் வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், கணினியோடு தெலுங்கு பேசுகிறவர். பொறுமையாகப் போட்டு முடித்துவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தூர இருந்து பார்த்தார்.

"எல்லா அம்பும் வெளிய போகுதே சார். திரும்பி வர்ற அம்பு எங்க?"

காலிக் கட்டம்

சுதந்திரத்துக்குப் பிந்திய போர்களை அட்டவணையாகப் போட்டேன். கடைசிக் கட்டம் 'முடிவு'. சீனாவோடு நடந்த போருக்கு மட்டும், பத்து வயதுப் பிள்ளைக்குத் தோல்வியை எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து, காலியாகவே விட்டுவிட்டேன். தொரப்பள்ளியிலிருந்து ஒரு மாணவன் அழைத்தான். "நாங்க காலியா விட்டா முட்டை போடுறாங்க. நீங்க விட்டா மட்டும் சும்மாவா சார்?"

மூன்று சொற்கள்

பத்தாம் வாரத்துக்கு, வீட்டில் ராணுவத்தில் இருப்பவரை வரைந்து அனுப்பச் சொல்லியிருந்தேன். நிவேதாவின் படம் பக்கத்தின் நடுவில் போடத் தேறியது. பனிமலை, சீருடை, ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் தூக்குவாளி. கீழே: 'அப்பா நலமாக இருக்கிறார்.' சரிதானா என்று பார்வதியிடம் கேட்டேன். நேற்றுதான் பேசினார் என்றார். அச்சுக்கு அனுப்பினேன்.

நான்காம் நாள் எல்லையில் குண்டுவீச்சு தொடங்கியது. முடிந்த போர்களின் தேதிகளை மும்மூன்று முறை சரிபார்த்தவன் நான். இந்த மூன்று சொற்களை ஒரே முறைதான் சரிபார்த்திருந்தேன். அதுவும் இப்போது பழையதாகிவிட்டது. அவருக்கு ஏதாவது ஆகி, ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் அந்த வீட்டு வாசலில் போய் விழுந்தால்? தாளை நிறுத்திவிடலாமா என்று பார்வதியையே கேட்டேன்.

"அன்னிக்குப் பேசுனதோட சரி, போனே இல்ல சார். ஆனா நிறுத்திடாதீங்க. ஸ்கூல் பூரா சொல்லி வெச்சிருக்கா. படம் வரலேன்னா ஏம்மா வரலேம்பா. நான் என்னன்னு சொல்லுவேன்?"

லாக்கர்

பார்வதியின் தொழிற்சாலையில் ஷிப்டுக்குள் போகும் முன் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து எடுத்துப் பார்த்தால், தெரியாத எண்ணிலிருந்து பதினோரு அழைப்புகள். கணவர் கையில் கிடைத்த போனில் கூப்பிடுகிறவர். கெட்ட செய்தி சொல்கிறவர்களும் தெரியாத எண்ணிலிருந்துதான் கூப்பிடுவார்கள். திரும்பக் கூப்பிட்டால் இணைப்பே கிடைக்கவில்லை. பத்திரிகைக்காரர் விசாரித்துச் சொல்லலாமே என்று பார்வதி என்னிடம் கேட்டார். என்னிடம் இருந்ததெல்லாம் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்த செய்திதான்.

சனிக்கிழமை காலை கட்டுகள் வண்டியேற வேண்டும். "அனுப்பட்டுமா?" என்றார் மஞ்சுநாத். சரியென்று தலையை ஆட்டினேன். அதே நேரம் தொழிற்சாலை வாசலில், மேற்பார்வையாளரைக் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி, பார்வதி தன் போனைக் காவலுக்கு நிற்கும் அக்காவிடம் கொடுத்திருக்கிறார். அந்த அக்கா சொன்னதைப் பின்னொரு நாள் அப்படியே எனக்குச் சொன்னார்: "நீ உள்ள போ பார்வதி. ரிங் வந்தா நான் எடுக்கறேன். நல்லதுன்னா ஓடி வருவேன். இல்லாட்டி நடந்து வருவேன்."

பக்கத்தில் ஒரு தப்பு

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அந்த அக்கா ஓடி வந்துவிட்டாராம். இதை எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஞாயிறு முழுக்கப் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். திங்கள் காலை மணி அடித்தது. நிவேதா.

"சார், பக்கத்துல ஒரு தப்பு இருக்கு."

"என்னம்மா?"

"அப்பா நலமாக இருக்கிறார்னு போட்டிருக்கீங்க. நேத்துப் பேசுனாரு சார். நல்லா சளி புடிச்சிருக்கு, குரலே வரல. திருத்தம் போடுவீங்களா, மாட்டீங்களா?"

முடிந்த போர்களுக்குத் தேதி சரியாக இருந்தால் போதும்; முடியாத ஒன்றைப் பக்கத்தில் ஏற்றிவிட்டால், ஒருவருக்குச் சளி விட்டதா இல்லையா என்பதைக்கூட அச்சுக்குப் போகும் நிமிடம் வரை விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.