மறுபடி அக்கா அடைத்த குழாய்

பயப்படுகிறவர்களைத் தொழிற்சங்கத்தில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. அஞ்சாதீர் என்று முப்பது வருடம் துண்டறிக்கை எழுதியவன் நான். ஆனால் எங்கள் பஸ் பணிமனையில் யார் பூட்டிய எஞ்சின் வழியில் நிற்காது என்று எந்த டிரைவரைக் கேட்டாலும், அங்கே வேலை பார்த்தவர்களிலேயே அதிகமாகப் பயந்த ஆளைத்தான் கை காட்டுவார். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. மறுபடி அக்கா.

பெயர் வந்த விதம் எளிது. எஞ்சின் பூட்டி முடித்து பஸ் கிளம்ப நிற்கும். டிரைவர் சாவியில் கை வைப்பார். அக்கா ஸ்பேனரோடு கீழே குனிவார். "இருங்க, மறுபடி ஒரு தடவை பாத்துடறேன்." இருபத்திரண்டு வருடம் இதே பாட்டு. "அக்கா, வண்டிய எடுக்கலாமா, இல்ல மறுபடியா?" என்று டிரைவர்கள் தூரத்திலிருந்தே கத்துவார்கள். வீட்டிலும் அதே கதைதான். கேஸை மூடினோமா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வருவார். தபால் பிரிக்கும் வேலையில் இருக்கும் கணவர், "சிலிண்டரையே தூக்கிட்டு வந்துடு, ஜன்னலோரம் உக்கார வெச்சுக்கலாம்" என்பார்.

இந்தப் பயம் பிறவியில் வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அவர் பூட்டிய எஞ்சின் ஒன்றில் ஆயில் பிளக் கழன்று விழுந்தது. பாலத்தின் நடுவில் பஸ் நின்றது. உள்ளே நாற்பது பேர். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலம் சீருடையைத் துவைக்கப் போட்டபோது, அந்தப் பிளக்கில் போட்டிருக்க வேண்டிய வாஷர் சட்டைப் பையிலிருந்து விழுந்தது. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதில் எழுதிக் கொடுத்தவன் நான். வாஷர் தரமில்லை, கொள்முதலில் கோளாறு என்று எழுதினேன். மெமோ வந்தால் பழியை உதிரிபாகத்தின் தலையில் கட்டு என்பது எங்கள் சங்கத்தின் எழுதாத விதி. வேலை தப்பியது. அக்கா எனக்கு நன்றி சொல்லவில்லை.

"அண்ணே, வாஷர் என் பையில இருந்துச்சு."

"வாய மூடிக்கிட்டுப் போய் வேலையப் பாரும்மா" என்றேன்.

மூடிக்கொண்டார். மறுநாளிலிருந்து எல்லா போல்ட்டையும் இரண்டு தடவை பார்க்கத் தொடங்கினார்.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் கொழுந்தனின் கார் அவர் கைக்கு வந்தது. கணவரின் தம்பி, லிஃப்ட் பழுது பார்க்கிறவன். இளவயதில் அலைந்து திரிந்து பழையதாக வாங்கிய இரண்டு கதவுக் கார். தரையோடு பதுங்கியிருக்கும். விளக்கைப் போட்டால் முன்பக்கம் இரண்டு இமைகள் திறக்கும். நாலு வருடம் ஓட்டினான். பிறகு எஞ்சின் நீலப் புகை கக்கியது. ஒன்பது வருடமாக அக்கா வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. அவன் வாடகை அறையில் தனியாக இருக்கிறவன். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு அந்தக் கார் ஒன்றுதான்.

அப்போதுதான் புது விதி வந்தது. முப்பது வருடம் தாண்டிய வண்டியெல்லாம் மாத முடிவுக்குள் தகுதிச் சோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் பதிவு ரத்து, வண்டி நசுக்கப்படும். இரண்டாம் வாய்ப்பு கிடையாது. கொழுந்தனுக்குக் கிடைத்த நாள், மாதத்தின் கடைசி வேலை நாள். பன்னிரண்டு மணிக்குக் கதவு சாத்துவார்கள்.

"அண்ணி, ஓடுமா?"

"தெறந்து பாத்தாத்தான் தெரியும்."

"தெறந்தா மறுபடி மூடுவீங்கல்ல?"

"இந்த வாய்க்கு ஒரு பிளக் போடணும் மொதல்ல."

மூடியைத் தூக்கினால் எஞ்சினே கண்ணில் படவில்லை. குடல் சரிந்தது போல மேலெல்லாம் ரப்பர் குழல்கள். எண்ணினால் இருபத்தேழு. பாதியை எலி தின்றிருந்தது. மாற்று எங்கேயும் கிடைக்காது. வேண்டாததைக் கழற்றி எஞ்சினை எளிதாக்குவது ஒன்றே வழி. அக்கா எல்லாக் குழலிலும் ஓர் அட்டைத் துண்டு கட்டினார். ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து வாய்விட்டுக் கேட்டார்: "நீ இல்லைன்னா எது நிக்கும்?" பதில் தெரிந்து, எஞ்சின் நிற்கும் என்றால் குழல் இருக்கும். இல்லையென்றால் போகும். பதில் தெரியாவிட்டால் தெரியும்வரை அதில் கை வைக்க மாட்டார். வேகத்தைப் பிடித்து வைக்கும் கருவி போனது. குளிர்சாதன பம்ப் போனது. எதற்கென்றே தெரியாமலிருந்த ஒரு தகர டப்பாவுக்கு நாலு நாள் ஆராய்ச்சி, அதுவும் போனது.

கொழுந்தன் தரையில் கிடந்த குவியலைப் பார்த்தான். "எங்க லைன்ல ஒரு ஸ்க்ரூ மிச்சமானா ஜெயிலு அண்ணி. இங்க ஒரு மூட்டையே மிச்சம்!"

"இதச் செஞ்சவனுக்குக் குழாய் மேல ஆச தம்பி. நமக்கு வண்டி ஓடினாப் போதும்."

எஞ்சினின் மேல்பாகமான ஹெட் லேசாக வளைந்திருந்தது. அதை இழைத்துச் சமப்படுத்திய பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இதோட சரிக்கா. இனி இழைக்க எடமில்ல. இன்னொரு தடவை சூடேறி வளைஞ்சுதுன்னா எடைக்குத்தான் போடணும்." அக்கா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

இருபத்தாறு குழல்களிடம் கேள்வி கேட்டவர், ஒன்றிடம் மட்டும் கேட்கவில்லை. காருக்குள் வெப்பக் காற்று தரும் ஹீட்டருக்கு எஞ்சினிலிருந்து வெந்நீர் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் குழாய் அது. எங்கள் பணிமனைக்குப் புது பஸ் வந்தால் முதல் வேலையே ஹீட்டர் குழாயை வெட்டி, இரண்டு முனையையும் அடைப்பதுதான். எங்கள் வெயிலில் ஹீட்டர் யாருக்கு வேண்டும்? நூறு பஸ்ஸிலாவது அக்கா அதைச் செய்திருப்பார். கை தானாகப் போனது. வெட்டினார். இரண்டு முனையிலும் ரப்பர் மூடி போட்டு கிளிப் இறுக்கினார். கிளிப்பை மறுபடியும் பார்த்தார். நன்றாகத்தான் இறுகியிருந்தது.

பணிமனைப் பழக்கம் இன்னொன்றும் உண்டு. தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு. தண்ணீர் சூடானால் திறந்து, அதை ஆறவைக்கும் ரேடியேட்டருக்கு வழிவிடும். புதிதாகப் பூட்டிய எஞ்சினை அழுக்குப் போகும்வரை அந்த வால்வு இல்லாமலே ஓட விடுவோம். அக்காவும் அப்படியே விட்டார். பத்து நாள் எஞ்சின் பூனைபோல ஓடியது. ஆனால் வால்வு இல்லாத எஞ்சின் சூடே ஏறாது. குளிர்ந்த எஞ்சின் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். புகைச் சோதனையில் தோற்கும். அதனால் சோதனைக்கு முதல் நாள் சாயங்காலம் புது வால்வு ஒன்றைச் சமையலறையில் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, திறக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டுப் பூட்டினார். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, எங்கும் ஒழுகவில்லை என்று பார்த்து நிறுத்தினார்.

மறுநாள் பத்து மணிக்குக் கிளம்பினார்கள். கொழுந்தன் ஓட்டினான். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்த ஸ்டியரிங். அவன் வாய் காதுவரை இருந்தது. அக்கா பக்கத்து இருக்கையில் சூடு காட்டும் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முள் பாதிக்கு வந்தது. பாதியைத் தாண்டியது.

"தம்பி, ஓரங்கட்டு."

"பழைய வண்டி அண்ணி. கொஞ்சம் ஏறி இறங்கும்."

"ஓரங்கட்டுன்னு சொல்றேன்ல."

"அந்த சிக்னல் தாண்டி..."

முள் முக்காலைத் தொட்டது. அக்கா குறுக்கே கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

"அண்ணி! ஓடுற வண்டிய! கொன்னுடுவீங்க போல!"

"நீ ஒரு நிமிஷம் ஓட்டியிருந்தா ஹெட்டக் கொன்னிருப்ப."

கார் சத்தமில்லாமல் உருண்டு ஒரு டயர் கடை வாசலில் நின்றது. பத்து இருபது. சோதனை நிலையம் இன்னும் கால் மணி நேரத் தூரம்.

மூடியைத் தூக்கினார்கள். சூடு முகத்தில் அடித்தது. ரேடியேட்டர் மூடியை இப்போது திறந்தால் வெந்நீர் மூஞ்சியில் பாயும். காத்திருக்க வேண்டும். கொழுந்தன் மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்து நடந்தான்.

"புது வால்வுதான் கோளாறு. டூப்ளிகேட் குடுத்துட்டான் கடைக்காரன். கழட்டி எறிஞ்சுட்டுப் போயிடலாம் அண்ணி."

"கழட்டுனா சூடாகாது. புகையில போயிடும்."

"அப்ப என்னதான் பண்றது? உங்களத்தானே நம்பி வந்தேன்!"

அக்கா ஈரத்துணியைச் சுற்றிய கையால் எஞ்சினின் மேல் குழாயைத் தொட்டார். கொதித்தது. குனிந்து, அடியில் வால்வு உட்கார்ந்திருக்கும் கூட்டைத் தொட்டார். துணியை எடுத்துவிட்டு வெறுங்கையால் தொட்டார். சில்லென்று இருந்தது.

அப்போதுதான் புரிந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

பஸ் எஞ்சினில் வெந்நீர் வெளியேறும் வாயிலில் வால்வு இருக்கும். எப்படியும் சூடு அதன்மேல் படும். இந்தக் காரில் அது தண்ணீர் உள்ளே வரும் அடிப்பக்கம் இருந்தது. எஞ்சின் சூடாகிவிட்டது என்று அதற்குச் சேதி சொல்ல வெந்நீர் போகும் வழி ஒன்றே ஒன்று. ஹீட்டரிலிருந்து திரும்பி வரும் குழாய். அதைத்தான் அக்கா வெட்டி, அடைத்து, கிளிப்பும் போட்டிருந்தார். மேலே எஞ்சின் வேகிறது. கீழே வால்வு விவரம் தெரியாமல் மூடிக் கிடக்கிறது.

பழி சொல்ல ஆள் தயாராக இருந்தது. டூப்ளிகேட் கடைக்காரன் என்று கொழுந்தனே எடுத்துக் கொடுத்துவிட்டான். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அதைத் தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருப்பேன்.

"வால்வு நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார் அக்கா. "தப்பு என்னோடது. ஹீட்டர் குழாய நான் அடச்சிருக்கக் கூடாது. யோசிக்காம பண்ணிட்டேன்."

கொழுந்தன் அவரைப் பார்த்தான். "நீங்களா? யோசிக்காமலா?"

"நானேதான். திட்டுறதெல்லாம் பொறவு திட்டிக்கோ. முழங்கை நீளத்துக்கு ஒரு ரப்பர் ஹோஸ் வேணும். பிளாஸ்டிக் ஆகாது, உருகிடும். ஓடு."

ஓடினான். நாலு கடை தள்ளி லாரி பட்டறை. அங்கிருந்த மெக்கானிக் பழைய ஹோஸ் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவனோடேயே வந்தான், வேடிக்கை பார்க்க. குனிந்து பார்த்தான். "ரெண்டு பக்கமும் அடச்சு வெச்சிருக்கு! எந்த அறிவாளி பண்ணுனதுக்கா?"

"அந்த அறிவாளிதான் உன் முன்னாடி நிக்குது. கத்தியக் குடு."

அவன் கத்தியைக் கொடுத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றான்.

இரண்டு மூடிகளையும் பிடுங்கினார். ஹோஸை வெட்டி வளைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாட்டினார். ஹீட்டருக்குப் போகாமலே வெந்நீர் சுற்றி வந்து வால்வைத் தொடும். இவ்வளவுதான் வேலை. கொட்டகையிலேயே அடைக்காமல் இப்படி இணைத்திருந்தால் ஐந்து நிமிடம். இங்கே கிளிப் இரண்டு தடவை கை நழுவி விழுந்தது. எஞ்சின் ஆறியதும் தண்ணீரை ஊற்றி, காற்றுக் குமிழி நிற்கும்வரை ஓடவிட்டார். முள் ஏறியது. பாதியில் நின்றது. பதினொன்று முப்பத்திரண்டு.

"போலாமா?" என்றான் கொழுந்தன்.

அக்கா முள்ளையே பார்த்தார். "இன்னும் ரெண்டு நிமிஷம்."

"அண்ணி, கதவச் சாத்திடுவாங்க!"

"சாத்தட்டும். வழியில வெந்து போனா அங்க போயி என்ன காட்டப் போற?"

அந்த இரண்டு நிமிடத்தில் கொழுந்தன் கடித்துத் துப்பிய நகத்துக்குக் கணக்கில்லை.

சோதனை நிலையத்தில் நுழைந்தபோது பதினொன்று ஐம்பத்தொன்று. முன்னால் மூன்று வண்டிகள். வெயிலில் எஞ்சினை ஓடவிட்டபடி வரிசையில் நிற்க வேண்டும். வண்டி நகராதபோதுதான் சூடு ஏறும். அக்கா இறங்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் காவலாளி கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. உள்ளே வந்துவிட்டார்கள், அதுவரை சரி.

சோதனை அதிகாரி ஒரு பெண். மூடியைத் தூக்கிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "என்னம்மா, உள்ள பாதியக் காணோம்?"

"வேண்டாதது போயிடுச்சு மேடம்."

"வேண்டாததுன்னு யார் சொன்னா?"

"நான்தான். அதுல ஒண்ணு தப்பு. வர்ற வழியில சரி பண்ணிட்டேன்."

கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டான். அதிகாரி அந்தப் புது ஹோஸைப் பார்த்தார், அக்காவின் கறுத்த கையைப் பார்த்தார். புகை அளக்கும் குழலைப் பின்னால் செருகினார். எண் ஏறியது. இன்னும் ஏறியது. எல்லைக்குக் கீழே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. பிரேக், விளக்கு, எஞ்சின் எண் எல்லாம் பார்த்து முடித்து முத்திரை குத்தினார்.

கொழுந்தன் அதிகாரியின் காலில் விழாத குறை. திரும்பும் வழியில் மூன்று தெருவுக்கு ஹாரன் அடித்தான். வீட்டு வாசலில் நிறுத்தியதும் அக்கா சாவியை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்.

"இங்கயே நிக்கட்டும் பத்து நாள்."

"எதுக்கு? அதான் பாஸாயிடுச்சே!"

"பாஸானது காகிதம். ஹெட் வளைஞ்சிருக்கா இல்லையான்னு இன்னும் தெரியாது."

பத்து நாளும் காலையில் எழுந்ததும் முதல் வேலை அதுதான். ஆயில் மூடியைக் கழற்றி, உட்பக்கத்தை விரலால் வழித்து, வெளிச்சத்தில் பார்ப்பார். தண்ணீர் கலந்தால் ஆயில் பாலாடை போலத் திரளும். ஹெட் போனது என்று அர்த்தம். கணவர் வாசலில் நின்று, "என்ன, உசிரு இருக்கா?" என்பார். "இருக்கு. ஆனா நாளைக்கும் பாக்கணும்." ஒன்பதாம் நாள் நான் போயிருந்தபோது எனக்கும் அந்த விரலைக் காட்டினார். எண்ணெய் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. வாஷர் விவகாரத்தைப் பற்றி ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து குனிந்துவிட்டார்.

பதினோராம் நாள் சாவியைக் கொடுத்தார். கொழுந்தன் காரை எடுத்துக்கொண்டு போனான். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"அண்ணி, முள்ளு பாதியில நிக்குது. கரெக்ட்டுதானே?"

"கரெக்ட்டுதான்."

"பாதிக்கு ஒரு மயிரிழை மேல இருக்கிற மாதிரி..."

"தம்பி, ரோட்டப் பாத்து ஓட்டு."

போனை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.