மவுண்ட் வெல்லிங்டனில் ரப்பர் காற்சட்டை

ஜனவரி மாதம். ஆக்லாந்தில் வியர்க்கிறது, வான்கூவரில் என் வீட்டு வாசலில் பனி கிடக்கும். ஜூலையில் அங்கே கடலிலிருந்து ஆறேறி வரும் ஸ்டீல்ஹெட் மீனைப் பிடிக்க அண்ணாவைக் கூப்பிட வந்திருக்கிறேன். இங்கே ஆக்லாந்தின் ரானுயியில் இருக்கும் அவர் உடனே சம்மதித்து, என்னை மவுண்ட் வெல்லிங்டன் பகுதியிலுள்ள இந்தத் தூண்டில் கடைக்குக் கூட்டிவந்துவிட்டார். ஆற்றில் நனையாமல் இறங்கி மீன்பிடிக்கப் போடும், நெஞ்சுவரை ஏறும் ரப்பர் காற்சட்டைக்குள் நின்று சிரிக்கிறார்.

"அங்கிள், ஒரு காலைத் தூக்கி நில்லுங்க பாப்போம்," என்கிறாள் கடையில் நிற்கும் கோயம்புத்தூர்ப் பெண்.

தூக்குகிறார். ஊன்றிய கால் நடுங்குகிறது. சட்டென்று பக்கத்து அடுக்கைப் பிடிக்கிறார்; அதிலிருந்த தூண்டில்கள் எல்லாம் ஆடுகின்றன. போன வருடம் வந்த பக்கவாதம் முற்றாகச் சுகம் என்று போனில் சொன்னவர்.

"போகலாந்தானேடா?" என்கிறார், என்னைப் பார்க்காமல்.

எனக்கு அந்த ஆறு தெரியும். முழங்காலளவு தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும். வேண்டாம் என்ற சொல் வாய்வரை வந்து நிற்கிறது.

"தங்கச்சி, ஆத்துக்குள்ள ஊண்டுறதுக்குத் தடி இருக்கோ?" என்று கேட்கிறேன்.

"ஆமா, இருக்கு. ஒண்ணு போதுமா?"

"ரெண்டு தாங்கோ. எனக்கும் கால் வழுக்கும்."

அண்ணா தலையாட்டுகிறார். அடுக்கைப் பிடித்த கையை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.