மாடியில் தங்கியவர்கள் சொன்ன படிப்புகள்

வில்பட்டிக்குப் போகும் சாலையில், கடைகள் முடிந்து காய்கறித் தோட்டங்கள் தொடங்கும் வளைவில் இருக்கிறது எங்கள் வீடு. கீழ்த்தளத்தில் அப்பா, அம்மா, நான் மூவரும் குடியிருந்தோம். மாடியிலிருந்த இரண்டு அறைகளை அப்பா சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுவந்தார். கோடை முழுவதும் அவ்வறைகளில் ஆள் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாவதும், கல்லூரிகள் விண்ணப்பம் கோருவதும் அதே கோடையில்தான் என்பது என் தலைவிதி. என் வகுப்புத் தோழியர் தத்தம் பெற்றோரோடு மட்டும் மல்லுக்கு நின்றார்கள். நானோ, குளிர் தேடி மலையேறி வந்த தமிழ்நாட்டில் பாதியோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது.

காரணம் அப்பாவின் வழக்கம். மாடியில் தங்கியிருப்பவரைக் கேட்காமல் அவர் எதையும் முடிவு செய்ததில்லை. தண்ணீர்த் தொட்டியின் நிறம் சேலத்துக்காரர் ஒருவர் சொன்னது. நாய் வளர்க்க வேண்டாம் என்பது காரைக்குடித் தம்பதியின் தீர்ப்பு. மலைக்குக் கீழேயிருந்து வருகிறவர்கள் நாலு ஊர் பார்த்தவர்கள், அவர்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்பது அவருடைய அசையாத நம்பிக்கை. தொட்டிக்கும் நாய்க்கும் நடந்தது எனக்கும் நடந்தது.

மதுரையில் ஒரு கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்க நான் பதினொன்றாம் வகுப்பிலேயே முடிவு செய்திருந்தேன். மனத்துக்குள் பூட்டி வைக்கவில்லை. சாப்பிடும்போது சொன்னேன், பீன்ஸ் பறிக்கும்போது சொன்னேன், அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து காற்றை மீறிக் கத்தியும் சொன்னேன். "பாப்போம்த்தா" என்பதே ஒவ்வொரு முறையும் கிடைத்த விடை.

காலையில் மாடிக்கு வெந்நீரும் தேநீரும் கொண்டுபோவது என் வேலை. தட்டோடு நான் படியேறும் நேரம் பார்த்து அப்பா பேச்சைத் தொடங்குவார்.

"நம்ம பொண்ணுதாங்க சார். பிளஸ் டூ முடிச்சிருக்கு. ஏத்தா, சாருக்கு மார்க்கைச் சொல்லு."

கையில் தட்டும் முகத்தில் தேநீரின் ஆவியுமாக நின்று நான் மதிப்பெண்களை ஒப்பிப்பேன். சால்வைக்குள்ளிருந்து ஒரு தலை மெச்சிக்கொள்ளும்.

"என்ன படிக்கப் போறா?"

"இன்னும் முடிவு பண்ணலைங்க சார். நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

என்னை எரிச்சலூட்டியது அந்த ஒரு வாக்கியந்தான். மறுத்திருந்தால் வாதாடியிருப்பேன். முடிவு செய்த ஒருத்தி கண்ணெதிரே நிற்கும்போது, முடிவே இல்லை என்று ஊருக்கு அறிவிப்பவரிடம் என்னவென்று வாதாடுவது?

முதலில் வந்தவர் சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிபவர். "கண்ணை மூடிக்கிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் போடுங்க சார்" என்றார். அவர் அறையைக் காலி செய்யும்வரை நான் கணினி வல்லுநராக வாழ்ந்தேன். அடுத்து ஈரோட்டிலிருந்து ஒரு செவிலியர் குடும்பத்தோடு வந்தார். நான் வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றுக்குப் புறப்பட ஆயத்தமானேன். பின்னர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் என்னை வணிகவியலுக்கு மாற்றினார். அப்பா ஒவ்வொரு முறையும் படியிறங்கி வந்து புதிய படிப்பை அறிவிப்பார். நான் மறுப்பதை நிறுத்திவிட்டேன். எப்படியும் வார இறுதியில் அறை மாறும். அறை மாறினால் படிப்பும் மாறும்.

அம்மாவின் தடை வேறு வகையினது. எந்தப் படிப்பானாலும் அவருக்கு ஒன்றுதான். மலையை விட்டு இறங்குவதுதான் ஆகாது. அவர் பிறந்தது வத்தலக்குண்டில்.

"நான் அந்த வெயில்ல வளந்தவ, எனக்குத் தெரியும். நீ மே மாசத்துல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத் திரியிறவ. மதுரையில இறங்குன அன்னைக்கே அப்பளமாப் பொரிஞ்சு போவ."

"அங்க இருக்குறவங்க எல்லாம் பொரிஞ்சா போயிட்டாங்க?"

"வாயி மட்டும் வெயில் தாங்கும்டி ஒனக்கு."

தற்காப்புக்காக நானும் ஒரு சூழ்ச்சி செய்தேன். தஞ்சாவூரிலிருந்து ஓர் ஆசிரியத் தம்பதி வந்தபோது, அப்பாவுக்கு முந்திக்கொண்டு, கேட்காத வெந்நீரையும் கேட்காத இஞ்சித் தேநீரையும் கொடுத்து என் ஆசையை அவர்களிடம் விளக்கினேன். அவர்களும் நல்லவர்கள், சொன்னபடியே பேசினார்கள்.

"உங்க பொண்ணுக்குத் தமிழ் படிக்கணும்னு ரொம்ப ஆசை போலருக்கே?"

அப்பா சிரித்தார். "சின்னப் பிள்ளைல்ல, சும்மா சொல்லுதுங்க. விடுங்க. கருவாட்டுக் கொழம்பு சாப்பிடுவீகளா?"

அன்று மாலை முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. அதை அவர் கவனிக்கவில்லை என்பதால் மறுநாள் காலையும் பேசவில்லை.

இப்படியே விண்ணப்பிக்கும் கடைசி நாளும் வந்தது. வீட்டில் இணையம் வரும் கைப்பேசி அப்பாவுடையது ஒன்றே. மதுரைக் கல்லூரியின் விண்ணப்பத்தில் பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாவற்றையும் நிரப்பி வைத்திருந்தேன். அப்பா சரி சொல்லாததால் பாடம் என்ற கட்டம் மட்டும் காலி. கைப்பேசி அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. அப்பா மாடியில் இருந்தார். அன்று தங்கியிருந்தவர் திருப்பூரில் பின்னலாடைத் தொழில் நடத்துபவர். மனைவியோடும் என் வயது மகளோடும் வந்திருந்தார். நான் தேநீரோடு, மதிப்பெண்ணை ஒப்பிக்க மனத்தைத் தேற்றிக்கொண்டே ஏறினேன். ஆனால் அன்று கேள்வி எதிர்த்திசையிலிருந்து வந்தது.

"ஏனுங்க, நீங்க வருசம் பூராவும் எத்தனையோ குடும்பத்தைப் பாக்கறவரு. உங்ககிட்டயே கேக்கறேன். இந்தப் புள்ள கேட்டரிங் படிக்கோணும்ங்கறா. நான் இன்ஜினியரிங் சேத்தலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?"

அப்பாவை யாரும் அதுவரை ஆலோசனை கேட்டதில்லை. அவர் மப்ளரைச் சரிசெய்துகொண்டார். நாற்காலியில் நிமிர்ந்தார். எதிர்மலையின் மேகத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"சார், நான் சொல்றேன்னு தப்பா எடுக்காதீக. பிள்ளைக எது மேல ஆசைப்படுதோ, அதுதான் படிப்பு. நம்ம ஆசைய அதுக தலையில ஏத்தப்பிடாது. அப்பறம் மனசு நோகப் படிச்சு என்ன பண்ணப் போகுது? நீங்க பாட்டுக்குக் கேட்டரிங் போட்டு விடுங்க."

திருப்பூர்ப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கீழே சமையலறைச் சன்னலிலிருந்து அம்மாவின் குரல் எழுந்தது. தோசை வார்க்கும்போது அவருக்கு மலைக்கு அப்பால் பேசுவதும் கேட்கும்.

"நல்லாத்தான் சொல்றீக! அந்தப் பிள்ளைக கணக்குல நம்ம வீட்ல கெடக்குற ஒண்ணையும் சேத்தாச்சா, இல்ல அது வேற கணக்கா?"

திருப்பூர்க்காரர் தேநீரை ஆழ்ந்து ஆராய்ந்தார். அப்பா சன்னல் பக்கமாகக் குனிந்து, "நீ தோசையப் பாரு" என்றார்.

"தோசை வெந்துருச்சு. நீங்க பதிலச் சொல்லுங்க."

"அது மதுரைக்குல்ல போறேங்குது. நீதான வெயிலு வெயிலுன்னு சொல்லிக்கிட்டுக் கெடந்த?"

"வெயிலுக்குப் பருத்தித் துணி எடுத்துக் குடுத்தாப் போச்சு. காலையிலருந்து அது முகத்தப் பாக்கச் சகிக்கல. வெரசாப் போட்டு விடுங்க."

அம்மா எப்போது கட்சி மாறினார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் மறுபடியும் மாறிவிடுவாரோ என்று நான் கேட்டதும் இல்லை. அப்பா சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து என்னிடம் நீட்டினார். தட்டைத் தரையில் வைத்துவிட்டு வாங்கினேன். பாடம் என்ற கட்டத்தில் தமிழ் இலக்கியம் என்பதைத் தேர்ந்தேன். மாடியின் கிழக்கு மூலையில்தான் இணையம் நன்றாகக் கிடைக்கும். அங்கே போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். திரையில் சிறு வட்டம் ஒன்று சுற்றிச் சுற்றி, கடைசியில் "சமர்ப்பிக்கவா?" என்று கேட்டது.

பின்னால் அப்பாவின் குரல், தணிந்து, பழைய மரியாதையோடு ஒலித்தது.

"சார், தெரியாமத்தான் கேக்குறேன். இந்தத் தமிழ் படிக்கிறதப் பத்தி நீங்க என்ன நெனைக்கிறீக?"

திருப்பூர்க்காரர் தொண்டையைச் செருமினார். அவர் வாய் திறப்பதற்குள் நான் பொத்தானை அழுத்திவிட்டேன்.