ஊர் சொல்லாத போத்தல்

லண்டனில் நான் ஆங்கிலம் படித்தது போத்தல்களில். ஊரில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எண்பதுகளின் நடுவில் இங்கே வந்து தெற்கே சட்டன் என்ற பகுதியில் அக்கா வீட்டுச் சின்ன அறையில் ஒதுங்கியபோது, ஆங்கில எழுத்துகள் தனித்தனியாகத் தெரியும். சேர்த்து வாசிக்க வராது. அத்தான் தனக்குப் பழக்கமான ஒரு குஜராத்திக்காரரின் மதுக்கடையில் என்னைச் சேர்த்துவிட்டார். பெட்டிகளை உடைத்து, போத்தல்களை முகம் முன்னால் தெரிய அடுக்குவது என் வேலை. கூச்சக்காரனுக்கு ஏற்ற வேலைதான். வருகிறவர்களுக்கு என்னிடமிருந்து விலையைத் தவிர வேறொன்றும் தேவைப்படவில்லை. அடுக்கும்போது ஒவ்வொரு லேபிளாக எழுத்துக் கூட்டிக் கூட்டி, சில வருடங்களில் ஓரளவு வாசிக்கப் பழகிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விலை கூடிய அமெரிக்க விஸ்கிகள் வரத் தொடங்கின. பேர்பன் என்பார்கள், சோளத்தில் வடிப்பது. தடித்த கண்ணாடி, மெழுகு ஊற்றி அடைத்த மூடி, கையால் எழுதியது போல லேபிள். முன்பக்கத்தில் ஒரு பழைய மரக்கொட்டகைப் படம். பின்பக்கத்தில் ஒரு தாத்தாவின் கதை. அவர் கண்டுபிடித்த பக்குவம், குடும்பம் அதைக் கட்டிக்காத்த விதம் என்று நீளும். முதலாளி அவற்றைக் கல்லாவுக்குப் பின்னால், யாரும் எட்டித் தொட முடியாத தட்டில் வைத்தார்.

சாமான் கொண்டுவரும் லொறிக்காரர் ஒரு வயதான ஸ்கொட்லாந்துக்காரர். முன்பு அங்கே போத்தலில் அடைக்கும் கூடமொன்றில் வேலை செய்தவர். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்றபோது அந்தத் தட்டிலிருந்த ஒரு போத்தலை இறக்கி என் கையில் தந்தார். இதை வடித்தது யார் என்று எங்கே போட்டிருக்கிறது, தேடிச் சொல் என்றார். நான் மெதுவாக வாசித்தேன். கென்டக்கி என்று மாநிலத்தின் பெயர் இருந்தது. போத்தலில் அடைத்த கம்பனியின் பெயர் இருந்தது. தாத்தா இருந்தார். வடித்தவர் யார், எந்த வடிசாலை என்பது மட்டும் எங்குமில்லை. அங்கே பெரிய வடிசாலைகள் சில இருக்கின்றன, மிஞ்சிய பீப்பாய்களை யார் கேட்டாலும் விற்பார்கள், வாங்குகிறவர்களிடம் சில வேளை ஒரு அலுவலகமும் ஒரு அச்சகமும்தான் இருக்கும் என்றார் அவர். கீழ்த்தட்டில் பாதி விலைக்கு இருப்பதும் இதே கொட்டகையில் பக்கத்துப் பீப்பாயாக இருந்திருக்கலாம் என்றார்.

முதலாளி கல்லாவிலிருந்து சிரித்தார். "விஸ்கிக்குப் பாதி விலை. மற்றப் பாதி தாத்தாவுக்கு."

அன்றிலிருந்து அது எனக்கு ஒரு பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. ஆளில்லாத பிற்பகல்களில் புதிதாக வந்த ஒவ்வொரு பேர்பன் போத்தலையும் திருப்பிப் பார்ப்பேன். வடித்த இடத்தைச் சொல்கிறவை உண்டு; அவை பெரும்பாலும் மலிவானவை. சொல்லாதவைதான் அதிகமாகப் பேசின. ஆனால் இதையெல்லாம் யாரிடம் சொல்வது? அக்கா வீட்டில் மது வாசமே ஆகாது. எனக்கோ ஆட்களோடு கதைக்க வராது.

கதைக்க வராத எனக்கும் ஒரு சிநேகிதர் கிடைத்திருந்தார். ஆர்ச்வே ரயில் நிலையத்தில் இறங்கி மேடேறிப் போகும் முருகன் கோவிலில், வெள்ளிக்கிழமைகளிலும் விசேஷ நாட்களிலும் கீழ் மண்டபத்தில் அன்னதானம் நடக்கும். நானும் அவரும் பாத்திரம் கழுவுகிற பக்கம் ஒதுங்குகிறவர்கள். அப்படித்தான் பழக்கம். என்னிலும் சில வயது மூத்தவர். அண்ணை என்று கூப்பிடுவேன். ஹவுன்ஸ்லோவில் இருந்தார். விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றி இறக்கும் வேலை. கோவில் முடிந்து லெஸ்டர் ஸ்குவயர் வரை ஒரே ரயிலில் வருவோம். அங்கே அவர் வேறு ரயிலுக்கு மாறிப் போய்விடுவார். அவ்வளவு நேரமும் அவர் கதைப்பார், நான் கேட்பேன்.

ஒருமுறை ரயிலில் சொன்னார்: "எங்கட ஆக்கள் ஒருத்தரைக் கண்டால் முதல் கேள்வி, எந்த ஊர். ரெண்டாவது, அங்கை எந்தப் பக்கம். மூண்டாவது கேக்கத் தேவையில்லை. நீர் இவ்வளவு காலமா என்னோட வாறீர், ஒண்டும் கேக்கேல்லை."

"எனக்குக் கேக்கத் தெரியாது அண்ணை."

"அதுதான் காணும் உம்மட்டை எனக்குப் பிடிச்சது."

நானும் சிரித்தேன். ஊரும் பக்கமும் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும் என்பது எங்களில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர் எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கு, யாழ்ப்பாணம்தான் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போவதை நானும் கண்டிருக்கிறேன். கண்டேனே தவிர யோசித்ததில்லை.

அவருடைய தங்கை ஒருவர் கொழும்பு வழியாக வந்து அவரோடு இருந்தார். யுத்தத்தில் கணவனை இழந்தவர். தரையிறங்கிய விமானங்களைத் துப்புரவு செய்யும் வேலைக்குப் போனார். கோவிலில் இரண்டொரு தடவை பார்த்திருக்கிறேன். வாய் துடுக்கு, சிரித்தால் மண்டபம் திரும்பிப் பார்க்கும். அப்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. கலியாணப் பேச்சை அக்காவே கைவிட்டிருந்தாள்.

ஒருநாள் லெஸ்டர் ஸ்குவயர் வரும்போது எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணை சொன்னார்: "தங்கச்சி தனிய இருக்கிறாள். நீரும் தனிய. ஞாயிறு மத்தியானம் சாப்பிட வாரும். மிச்சத்தைப் பிறகு பாப்பம்." நான் பதில் சொல்வதற்குள் கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு வெளியே நின்று, வருவேன்தானே என்று கையால் கேட்டார். தலையாட்டினேன்.

சிநேகிதர் வீட்டில் சாப்பாடு என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன். அவள் என் மடிப்புக் கலையாத சேர்ட்டைப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டுக்கு உவ்வளவு ஸ்திரிக்கையோ" என்றாள்.

ஹவுன்ஸ்லோவில் அவர்கள் இருந்தது மேல்மாடி வீடு. விமானங்கள் கூரையைத் தொடுவதுபோலப் போகும். அந்த நேரம் கதையை நிறுத்தி, போனபின் தொடர்வார்கள். அண்ணை என்னை இருத்தி, அலுமாரியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து முன்னால் வைத்தார். மெழுகு மூடி. எங்கள் கடையில் முதலாளி மேல்தட்டில் வைக்கிற ரகம்.

"கடைக்காரருக்கு எதை வாங்கிறதெண்டு தெரியாமல் நல்லா அலைஞ்சு போனன். அமெரிக்கா போய்வந்த பெடியன் ஒருத்தனிட்டைச் சொல்லி எடுப்பிச்சது. குடியும்."

ஊற்றித் தந்தார். குடித்தேன். தேனும் புகையும் கலந்தது போல, தொண்டையில் இளஞ்சூடாக இறங்கியது. நான் குடித்தவற்றில் அதற்கு இணையாக ஒன்றில்லை. அதை நான் சொல்லவில்லை. எதையுமே சொல்லவில்லை, வழக்கம்போலக் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கை கணவாய்க் கறியோடு வந்தார். "என்ன, உங்கட ஆள் கடையிலயும் இப்பிடித்தான் வாய் திறக்காமல் நிக்கிறவரோ? பிறகு சனம் எப்பிடிச் சாமான் வாங்குது?"

"போத்தில்கள் கதைக்கும்" என்றேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்காக வந்தது. "என்னவாம் கதைக்குதுகள்?" என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

என் வாழ்நாளில் ஒரு பெண் கதிரை இழுத்துப் போட்டு நான் சொல்வதைக் கேட்க இருந்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம். மேசையிலிருந்த போத்தலைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லத் தொடங்கினேன். தாத்தாவையும் கொட்டகையையும் காட்டினேன். பாதி விலை தாத்தாவுக்கு என்ற முதலாளியின் பகிடியைச் சொன்னேன். தங்கை வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். அண்ணையும் சிரித்தார். எனக்கு நாக்கு அவிழ்ந்துவிட்டது.

"உது கென்டக்கி எண்டு மட்டும்தான் சொல்லுது. கென்டக்கி பெரிய இடம். அதில எந்த இடம், ஆரின்ரை கையால வந்தது, ஒண்டும் இல்லை. சொல்லக்கூடிய இடமெண்டால் சொல்லியிருப்பினம்தானே? எங்கையோ கிடந்ததைக் கொண்டுவந்து வடிவான சட்டை போட்டுவிட்டால் இஞ்ச ஆருக்குத் தெரியப்போகுது?"

ஒரு விமானம் போனது. எல்லோரும் பேசாமலிருந்தோம். அது போனபிறகும் யாரும் பேசவில்லை. விமானத்துக்காகத்தான் நிறுத்தியிருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன்.

"அப்ப உதைக் குடிக்கப்படாதோ?" என்று அண்ணை கேட்டார்.

"குடிக்கலாம் அண்ணை. ஆனா உந்த விலைக்கு ஏலாது."

பகிடியாகத்தான் சொன்னேன். தங்கை எழுந்து அடுப்படிக்குள் போனார். அண்ணை போத்தலை என் கையிலிருந்து மெல்ல வாங்கி மூடினார். "கறி ஆறுது, சாப்பிடும்" என்றார். சாப்பிட்டேன். தங்கை மறுபடி வந்து இருக்கவில்லை. வேலை இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். புறப்படும்போது வாசலில் நின்று "போட்டு வாங்கோ" என்றார்.

கிங்ஸ்டனில் பஸ் மாறி வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம். நான் கதைத்திருக்கிறேன். ஒரு பெண்ணைச் சிரிக்கவைத்திருக்கிறேன். ஜன்னல் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, பரவாயில்லை என்று நினைத்ததுகூட ஞாபகமிருக்கிறது.

அடுத்த வெள்ளி அண்ணை கோவிலுக்கு வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. நான் முகம் வாடித் திரிவதைக் கண்டு அக்கா தோண்டித் தோண்டிக் கேட்டாள். கடைசியில் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. உடனே, "எந்த ஊராம்?" என்றாள்.

"யாழ்ப்பாணம்தான்."

"யாழ்ப்பாணம் பெரிய இடமடா. அங்கை எந்த இடம், ஆரின்ரை ஆக்கள்? சொல்லக்கூடிய இடமெண்டால் சொல்லியிருப்பினம்தானே?"

என் வாயிலிருந்து வந்தது சொல்லுக்குச் சொல் அக்காவின் வாயிலிருந்து வந்தது. அந்த மேசை, அண்ணை போத்தலை வாங்கி மூடிய கை, தங்கை எழுந்துபோக வெறுமையான கதிரை எல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கின. ஒன்றும் கேட்காதவன் என்று நம்பித்தான் என்னை வீட்டுக்குள் விட்டார்கள். நான் போய் அவர்களுடைய சாப்பாட்டு மேசையில் இருந்து, அவர்கள் எனக்காகத் தேடி வாங்கிய போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தக் கேள்வியையே கேட்டிருக்கிறேன். விலை வேறு பேசியிருக்கிறேன்.

அடுத்த நாளே ஹவுன்ஸ்லோவுக்குப் போனேன். அண்ணை கதவைத் திறந்தார். அடுத்த வீட்டு வாசலில் யாரோ வெள்ளைக்காரர் பூட்டுத் திறந்துகொண்டிருந்தார்.

"வாங்கோ. என்ன விஷயம்? நான் ஷிப்டுக்கு வெளிக்கிடுறன்."

எப்போதும் நீர் என்று சொல்லுகிற மனிதர். அந்நியரை அழைப்பது போன்ற அந்த மரியாதை "வாங்கோ"வில் என் கால் படியிலேயே நின்றுவிட்டது. வழி முழுவதும் யோசித்துக்கொண்டு வந்த வசனம் தொண்டையில் இருந்தது: நான் உங்களைச் சொல்லவில்லை அண்ணை, போத்தலைத்தான் சொன்னேன். ஆனால் அதைச் சொன்னால் என்ன அர்த்தம்? உங்களிடம் மறைக்க ஒன்று இருக்கிறது, அது எனக்குத் தெரியும் என்பதுதானே. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தாலே அந்தக் கேள்வி இன்னொரு முறை கேட்கப்பட்டுவிடும். கேட்காமல் மன்னிப்புக் கேட்க எனக்கு மட்டுமல்ல, படித்தவர்களுக்கும் தமிழில் வழியிருக்கும் என்று தோன்றவில்லை.

"இந்தப் பக்கம் வந்தனான்" என்றேன்.

"சரி. பிறகு காணுவம்" என்றார்.

அவர்கள் எந்த ஊர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதில் மறைக்க ஏதாவது இருந்ததா, அல்லது எல்லோரும் கேட்கிறார்கள் என்ற வெறுப்பில்தான் சொல்லாமல் இருந்தாரா என்பதும் தெரியாது. எதுவாயிருந்தாலும் நான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போயிருப்பேன். அக்காவைச் சமாளித்திருப்பேனா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். சமாளித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதை நிரூபிக்கிற சந்தர்ப்பம் வரவில்லை.

சில வருடங்கள் போயின. ஒரு தைப்பூச நாளில் கோவிலின் கீழ் மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் திரும்பினார். அண்ணையின் தங்கை. கழுத்தில் புதுத் தாலிக்கொடி. சற்றுத் தள்ளிக் கதிரைகளுக்கு இடம்பிடித்துக்கொண்டிருந்த ஒருவரைக் காட்டி, "என்ரை அவர்" என்றார். பிறகு, "கடையிலதான் இன்னும் நிக்கிறியளோ?"

"ஓம்."

"போத்தில்கள் இப்ப ஊர் சொல்லுதுகளோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் மண்டபம் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு இல்லை அது.

"நான் இப்ப உதுகளைத் திருப்பிப் பாக்கிறேல்லை" என்றேன். உண்மைதான். அந்தத் தட்டைத் துடைக்கும்போதுகூட போத்தல்களின் முகத்தை மட்டும்தான் துடைப்பேன். பிறகு, இவ்வளவு வருடம் கழித்து என்ன வெட்கம் என்று சொல்லிவிட்டேன். "அண்டைக்கு அண்ணை ஊத்தித் தந்தது சோக்காயிருந்தது. அப்பிடி ஒண்டை நான் பிறகு குடிக்கவேயில்லை."

தட்டெடுக்க நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார்.

"உதை அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

சாம்பார் வாளியோடு நின்ற பெடியன், வரிசையை மறிக்க வேண்டாம், முன்னுக்குப் போங்கோ என்றான். அவர் இரண்டு தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். நான் ஒன்றை எடுத்தேன்.