மீனுக்குக் காற்றடித்த சைக்கிள் கடை

போன கிழமை கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க டவுனுக்குப் போயிருந்தேன். டொக்டரிடம் காத்திருக்கும் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அடியில் நீலச் சாயம் பூசிய கல், நடுவில் பிளாஸ்டிக் கோட்டை, மூலையில் மோட்டார் விடும் குமிழி. அந்தக் குமிழிச் சத்தம் காதில் விழுந்ததும் என் இரண்டு கையும் தானாக மேலும் கீழும் போகத் தொடங்கிவிட்டன. பக்கத்தில் இருந்த மனுசி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். நான் எழும்பிப் போய்க் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன்.

"ஐயா, தட்டாதேங்கோ. உது விலை கூடின பில்டர்," என்றாள் நர்ஸ் பிள்ளை.

பில்டராம்! கன்னம் வீங்கியிருந்தபடியால் அவள் தப்பினாள். பாடத்தை உங்களுக்கு எடுக்கிறேன், இருங்கள்.

கொக்குவிலில், ரயில் பாதைக்குக் கிட்ட, எனக்கொரு சைக்கிள் கடை இருந்தது. தொண்ணூறில் சண்டை மூண்ட பிறகு கரண்டும் இல்லை, பெற்றோலும் இல்லை. டொக்டரும் சைக்கிள், மணமாப்பிள்ளையும் சைக்கிள். பெரிய பெரிய ஆட்களெல்லாம் என் கடை வாசலில் குனிந்து நின்று காற்றடித்த காலம். நான் படித்தது ஏழாம் வகுப்பு. அதை இரண்டு தரம் படித்தபடியால் எட்டென்றும் சொல்லலாம்.

அந்த ஏழாம் வகுப்பில் எனக்கு விஞ்ஞானம் படிப்பித்த சேர் ஒருநாள் ஜாம் போத்தலை வயிற்றோடு அணைத்தபடி வந்தார். உள்ளே இரண்டு சீப்ரா மீன். சுண்டுவிரல் அளவு, உடம்பெல்லாம் நீலக் கோடு. கரண்ட் போய்த் தொட்டி மோட்டார் நின்றபின், நாற்பது மீனில் மிஞ்சியது இந்த ஆணும் பெண்ணும்தானாம்.

"உதுகளோடை முடிஞ்சுது. கரண்ட் இல்லாமல் இனிக் குஞ்சு எடுக்க ஏலாது."

"நான் எடுத்துக் காட்டுறன் சேர்."

"நீயோ?" கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "ஒரு குஞ்சு காட்டு பாப்பம். இந்த ஒழுங்கையிலை வைச்சு உன்னை நான் வாத்தியார் எண்டு கூப்பிடுறன்."

காணி எழுதித் தருகிறேன் என்றிருந்தாலும் எனக்கு அவ்வளவு வெறி வந்திராது.

சேரின் வெறுந்தொட்டியைக் கடைக்குத் தூக்கி வந்தேன். பில்டருக்குப் பழைய சைக்கிள் சீற்றின் ஸ்பொஞ்சு. ஊத்தையைப் பிடிக்கும், குஞ்சை இழுக்காது. அதன் நடுவில் மை தீர்ந்த பேனைக் குழாய். காற்றுக்கு ஊதிய லொறி ரியூப். அதிலிருந்து ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றும் குழாய். அதிலுள்ள சின்ன உருளையைத் திருகினால் குமிழி ஒவ்வொன்றாக வரும். குமிழி பேனைக் குழாய்க்குள்ளால் ஏற, தண்ணீர் ஸ்பொஞ்சுக்குள்ளால் இழுபடும். யார் சொல்லித் தந்தது? ஒருவருமில்லை. ரியூப்பை ஊத ஒரு சட்டம் போட்டேன்: சில்லுக்குக் காற்றடிக்க வருகிறவர் மீனுக்கும் இருபது அடி அடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

"அண்ணை, மீன் விக்கிற என்னையே மீனுக்கு மூச்சுக் குடுக்க வைச்சிட்டியளே!" என்றார் பெட்டியோடு வரும் குருநகர் வியாபாரி.

"செத்த மீன்தானே விக்கிறனீர். உயிருள்ளதுக்கும் ஒருக்கா அடியும்."

அவரிடமே கரை மணல் கேட்டு வாங்கித் தொட்டியின் அடியில் பரப்பினேன். சிப்பித்தூளோடு வெள்ளை வெளேரென்று என்ன வடிவு! பின்னேரமே இரண்டு மீனும் மேலே வந்து வாயைப் பிளந்தன. வழியால் போன சேர் எட்டிப் பார்த்தார். "நல்லதண்ணி மீனுக்குக் கடல் மண் போட்ட முதல் ஆள் நீதான்!" ஏழு தரம் கழுவினேன் என்றேன். உண்மையில் இரண்டு தரம்.

மணலை அள்ளி எறிந்து வெறுந்தரையாக விட்டேன். விடியப்புறம் முட்டை விழுந்தது. விழுந்த கையோடு தாயும் தகப்பனும் பொறுக்கித் தின்றுவிட்டன. முட்டை உள்ளே போகவேண்டும், வாய் போகக் கூடாது. அப்படி ஒரு தரைக்கு எங்கே போவது? சைக்கிள் குண்டுகளைக் கையில் உருட்டிப் பார்த்தேன். இரும்பு, தண்ணீரில் கறள் பிடிக்கும். கண்ணாடியில் உருண்டை இருந்தால்...

நேரே சேர் வீட்டுக்குப் போனேன்.

"சேர், என்ரை போளையளைத் தாங்கோ."

"என்ன போளை?"

"வகுப்பிலை என்ரை பொக்கற்றுக்குள்ளை இருந்து பறிச்சது."

உள்ளே போய் ஒரு பிஸ்கட் பேணியைக் கொண்டுவந்தார். முப்பது வருடமாகப் பெடியளிடம் பறித்த கண்ணாடிக் குண்டுகள் கழுத்துவரை.

"உன்ரை எதெண்டு தெரியுமோ?"

"எல்லாம் என்ரைதான் சேர்."

"அண்டைக்கும் உதைத்தான் சொன்னனி."

இரண்டு அடுக்குப் பரப்பினேன். மழை வந்ததென்று மீன் நினைக்கட்டும் என்று, பொழுதுபடக் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் விட்டேன். விடிய முட்டைகள் போளைகளுக்கு நடுவே இறங்கின. பெரிய மீன்களை வாளிக்கு மாற்றினேன். சில நாளில் கண்ணாடியில் இமைமயிர் ஒட்டினதுபோல் சின்னச் சின்னக் கோடுகள்; கோடுகளுக்குக் கண்ணும் இருந்தது.

சொல்லியனுப்பினேன். சேர் வந்தார். சட்டப்படி முதலில் இருபது அடி அடித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தொட்டியில் மூக்கு முட்டப் பார்த்தார். ஒழுங்கையே கூடி நின்றது. நிமிர்ந்து தொண்டையைச் செருமினார்.

"வாத்தியார், என்ரை முன்சில்லுக்கும் கொஞ்சம் காத்தடிச்சு விடுங்கோ."

விடுங்கோ! வகுப்பில் "எழும்படா வாங்கிலை" என்று என்னைப் பெஞ்சில் ஏற்றிய அதே வாய். சந்தோசத்தில் நான் அடித்த அடியில் அவருடைய ரியூப் வெடித்துவிட்டது.

தொண்ணூற்றைந்தில் ஆமி கிட்ட வர, ஊரைவிட்டு எல்லோரும் வெளிக்கிட்ட அன்று மீன்களைக் கிணற்றில் விட்டேன். திரும்பி வந்தபோது கிணற்றில் மீனும் இல்லை, கடைக்குக் கூரையும் இல்லை. தொட்டி உடைந்த இடத்தில், மண்ணுக்குள் போளைகள் மட்டும் கிடந்தன. பொறுக்கிக் கழுவினேன், இந்த முறை உண்மையாகவே ஏழு தரம். அவற்றின் சொந்தக்காரர்கள் எந்தெந்த நாட்டிலோ. சேர் வன்னியில் காய்ச்சலில் போனாராம். இப்போது ஒழுங்கையில் எல்லாம் மோட்டார் சைக்கிள், ஒருவரும் குனிவதில்லை.

வாத்தியார் என்று அவர் கூப்பிட்டது ஒரு தரம்தான். அதை இன்னொரு தரம் வாங்குவதற்காகவே அடுத்ததாக, இன்னும் கஷ்டமான ஏஞ்சல் மீனில் கைவைக்க நினைத்திருந்தேன்.