ஒரு வாசகர், விருதுநகர்

போன ஞாயிறு மத்தியானம் நான் எங்கே இருந்தேன், சொல்லுங்கள் பார்ப்போம்?

விருதுநகர் பஜாரில், பாதி இறக்கிய ஷட்டருக்கு உள்ளே, துவரம்பருப்பு மூட்டைகளுக்கு நடுவில், ஒரு பிளாஸ்டிக் சேரில். கையில் ஒரு கட்டுரை. மதம், தத்துவம், மொழி என்று எல்லாவற்றையும் போட்டுக் கலக்கிய இங்கிலீஷ் கட்டுரை!

சிரிக்காதீர்கள். சில மாதங்களாக இதுதான் என் ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்தால் பருப்புக் கடை.

நான் ரிட்டயர்டு இங்கிலீஷ் டீச்சர் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் அதைச் சொல்லிச் சொல்லியே உங்களை அறுத்திருக்கிறேன். வேலையில் இருந்தவரை ஞாயிறு என்றால் மடியில் ஒரு கட்டு கட்டுரைப் பேப்பர் இருக்கும். சலித்துக்கொண்டே திருத்துவேன். முழு மார்க் மட்டும் யாருக்கும் போட்டது கிடையாது. கணக்கா என்ன, முழுசாகப் போட? எவ்வளவு நன்றாக எழுதினாலும் இரண்டு மார்க்கைக் குறைத்தால்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரும்.

ரிட்டயர் ஆன பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? அந்தப் பேப்பர் கட்டுக்காக ஏங்கிப் போனேன். யாராவது எதையாவது எழுதிக்கொண்டு வந்து நீட்ட மாட்டார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்… அப்போதுதான் கனி பாய் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, நம்ம நஸ்ரின் ஏதோ கட்டுரை எழுதி காலேஜு பேஜ்ல வந்திருக்காம். வாசிச்சுச் சொல்றீகளா?"

செருப்பைச் சரியாக மாட்டாமலேயே கிளம்பிவிட்டேன்.

கனி பாய் பருப்பு வியாபாரி. நஸ்ரின் அவர் மகள், என் மாணவி. டெல்லியில் எம்.ஏ. தத்துவம் படிக்கிறாள். அவர்கள் காலேஜில் பிள்ளைகள் எழுதுகிற கட்டுரைகளை மாதா மாதம் இணையத்தில் போடுகிறார்கள்.

நஸ்ரினை எனக்கு மறக்காது. நம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் கட்டுரை எப்படி எழுதுவார்கள் என்று தெரியும்தானே? கைடில் இருப்பதை மனப்பாடம் செய்து அப்படியே கொட்டுவார்கள். 'என் நண்பன்' என்று தலைப்புக் கொடுத்தால் மொத்த வகுப்புக்கும் ஒரே நண்பன்தான், ராமு. எம். புதுப்பட்டியிலிருந்து வரும் பிள்ளைக்கும் ராமு, பஜார் பிள்ளைக்கும் ராமு. அந்த வகுப்பில் ஒருத்தி மட்டும் எழுந்து நின்றாள். "அர்த்தம் தெரியாம எப்படி டீச்சர் எழுதுறது?"

அந்தக் கேள்விதான் பின்னால் வீட்டையும் பிரித்தது.

போன வருஷம் கனி பாயின் மனைவி தவறிவிட்டார். நாற்பதாம் நாள் நானும் போயிருந்தேன். வீடு நிறைய ஜனம். பள்ளிவாசல் அஜ்ரத் ஓதி முடித்ததும் கனி பாய் தானும் உட்கார்ந்து மனைவிக்காக ஓதினார். முடித்து நிமிரும்போது நஸ்ரின் கேட்டாள். சண்டைக்கு அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"அம்மாவுக்கு அரபி தெரியாதே அத்தா. உங்களுக்கும் அர்த்தம் தெரியாது. அப்ப இது யாருக்குப் போய்ச் சேருது?"

கனி பாய் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்றைக்குப் போட்டார். "இதக் கேக்கத்தான் ஒன்னய அம்புட்டுத் தூரம் படிக்க அனுப்புனனா?" அத்தனை பேர் முன்னால்! அந்தப் பிள்ளை முகம் அப்படியே சுருங்கிப்போனது.

மறுநாளே டெல்லிக்கு ரயில் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு அண்ணனிடம் பேசுவாள். அத்தாவிடம் இரண்டே கேள்வி. "சாப்பிட்டீகளா? மாத்திரை போட்டீகளா?" அவரும் இரண்டே பதில். போட்டேன். சாப்பிட்டேன். ரம்ஜான் வந்தது, அவள் வரவில்லை. பக்ரீத் வந்தது, அப்போதும் பரீட்சை என்று சொல்லிவிட்டாள்.

மகள் திரும்பி வீட்டுக்கு வருவாளா, முன்னைப்போல் 'அத்தா' என்று வாய் நிறையப் பேசுவாளா… அந்த மனிதருக்கு வேறு கவலையே இல்லை. ஆனால் அதை வாய்விட்டுக் கேட்பாரா? மாட்டார். கட்டுரையை வாசிக்கச் சொல்வார்.

முதல் கட்டுரை இலக்கியம் பற்றியது. கதையில் வருகிறவர்களுக்காக நாம் ஏன் அழுகிறோம் என்பது தலைப்பு. கனி பாயின் மகன் இஸ்மாயிலுக்கு சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் வேலை. காலண்டர் ஆர்டரில் மிச்சமான வழுவழுப்பான பேப்பரில் கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்திருந்தான்.

"உங்களுக்குத்தான் இங்கிலீஷ் வாசிக்க வராதே பாய், எதுக்கு இவ்வளவு பெரிய எழுத்து?"

"இருக்கட்டும் டீச்சரம்மா. அவ பேரு எங்கன இருக்குன்னாவது தெரியும்ல."

நான் முதல் வரியை ஆரம்பித்தேன். கையை நீட்டித் தடுத்தார். "மேலாப்ல எல்லாச் சரக்கும் நல்லாத்தான் இருக்கும். நடுவுல குத்துங்க." மூட்டையில் குத்தூசியை இறக்கிச் சாம்பிள் எடுத்துப் பழகிய கை! சரி என்று நடுப்பக்கத்தை எடுத்து, தமிழில் சொல்ல வாயைத் திறந்தேன். மறுபடியும் தடுத்தார். "அவ எழுதுன மாதிரியே மொதல்ல வாசிங்க. பொறவு தமிழ்ல சொல்லலாம்."

"உங்களுக்குப் புரியாதே பாய்?"

"வாசிங்களேன்."

வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். புரியாததை எதற்குக் கேட்க வேண்டும்? இதுக்கு என் தொண்டைத் தண்ணி வேறு வற்ற வேண்டுமா?

பிறகு தமிழில் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அவ அம்மா சீரியல் பாத்து அழுவா. இவ பக்கத்துல உக்காந்து கேலி பண்ணுவா. அது வருதா இதுல?" என்றார்.

"இல்லையே பாய்."

"அம்மான்னு ஒரு வார்த்தையாவது…?"

புரட்டிப் பார்த்தேன். வரவில்லை. "சரி, டீ சொல்லட்டா?" என்று எழுந்துகொண்டார்.

அடுத்த மாதம் வேறொரு கட்டுரை. ஒரு கல் எப்போது சாமியாகிறது, செதுக்கும்போதா, கும்பிடும்போதா என்று. அதிலும் வீடு இல்லை, விருதுநகர் இல்லை. அவள் வகுப்பில் படிக்கிற வேறு பிள்ளை எழுதியதையும் வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, "இதும் நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம பிள்ளயோடது மாதிரி இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டையும் புரியாமல் கேட்டுத்தான் இந்தத் தீர்ப்பு! நானாவது மார்க் குறைக்கக் காரணம் வைத்திருப்பேன்.

உங்கள் போனே வாசித்துக் காட்டுமே என்றும் சொல்லிப் பார்த்தேன். அமுக்கிக் காட்டினேன். இரண்டு வரி கேட்டார். "ரயில்வே ஸ்டேஷன்ல சொல்ற மாதிரி இருக்கு. வேணாம், நீங்களே வாசிங்க."

மூன்றாவது கட்டுரை வந்தது. தலைப்பைப் பார்த்ததும் எனக்கு அந்த நாற்பதாம் நாள் ஞாபகம் வந்துவிட்டது. 'புரியாத மொழியில் பிரார்த்தனை.'

சும்மா சொல்லக் கூடாது, அருமையாக எழுதியிருந்தாள். எல்லா மதத்தையும் தொட்டிருந்தாள். கோயிலில் சொல்லும் சமஸ்கிருதம், மாதா கோயில்களில் ஒரு காலத்தில் சொன்ன லத்தீன். எங்கள் சபையில் எல்லாமே தமிழ் என்று எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அந்தத் தமிழில் பாதி யாருக்கும் புரியாது, அது வேறு விஷயம்.

நடுவில் ஒரு வரி வந்தது. சட்டென்று குரலை இறக்கி, வேகமாகத் தாண்டி வாசித்து முடித்துவிட்டேன். தமிழில் சொல்லும்போது அதை நைசாக விட்டுவிட்டேன். புத்திசாலித்தனம்!

கனி பாய் கண்ணைத் திறந்தார். "நடுவுல ஒரு எடத்துல உங்க குரலு எறங்குச்சே. அங்கன என்ன எழுதியிருக்கா?"

என்ன செய்ய? சொன்னேன். "இறந்தவருக்குத் தெரியாத மொழியில், ஓதுகிறவருக்கும் தெரியாத மொழியில், இறந்தவருக்காக ஓதுகிறார்கள். அது யாருக்குப் போய்ச் சேருகிறது?"

அவர் பக்கத்து மூட்டையிலிருந்து ஒரு பிடி பருப்பை அள்ளினார். உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். மறுபடி மூட்டையிலேயே போட்டார்.

"இதுக்குப் பதில் எழுத முடியுமா டீச்சரம்மா?"

கட்டுரைக்குக் கீழே கருத்துச் சொல்ல இடம் இருந்தது. போனை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல, அப்படியே தட்டினேன். ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. திருத்தியே பழகிய எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நீங்கள்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

"கட்டுரைய வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. மூணு கட்டுரையவும் மொதல்ல இங்கிலீஷ்லதான் கேட்டேன். ஒண்ணும் புரியல. ஆனா பிள்ள பக்கத்துல உக்காந்திருக்க மாதிரி இருந்துச்சு. அவ அம்மாவுக்கு ஓதுனப்பவும் எனக்கு அப்பிடித்தான் இருந்துச்சு. அம்புட்டுத்தான். அன்னிக்கு இதச் சொல்லத் தெரியல. ஏசிட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காட்டிக்கொள்ளாமல், "பேர் என்ன போட?" என்றேன்.

"பேரு வேணாம். ஒரு வாசகர், விருதுநகர்னு போடுங்க."

"ஆமா… இவ்வளவும் எழுதிட்டுப் பேரை மறைச்சா அவளுக்குத் தெரியவே தெரியாது பாருங்க!"

"போடுங்கன்னா போடுங்களேன்."

போட்டேன். அனுப்பினேன். 'உங்கள் கருத்து பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது.

"பரிசீலனையா? யாரு பரிசீலிக்கிறா?" பாவம், பதறிப்போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. காலையில் ஒரு போன், சாயங்காலம் ஒரு போன். "டீச்சரம்மா, பரிசீலிச்சுட்டாகளா?" லோடு இறக்கும்போதுகூடக் கேட்டார், பின்னால் மூட்டை விழும் சத்தம் எனக்குக் கேட்டது. நானும் என்ன, சும்மாவா இருந்தேன்? அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போனைப் பார்ப்பேன். பால் பொங்கி வழியும். பரிசீலனை மட்டும் முடியாது.

போன ஞாயிறுக்கு வருகிறேன். அன்றைக்கு வாசிக்கப் புதுக் கட்டுரை எதுவும் இல்லை. இருந்தாலும் போனேன். "பழசவே வாசிங்க டீச்சரம்மா. அந்த மூணாவத. இன்னிக்கு மொதல்ல இருந்து" என்றார். நடுவில் குத்தும் வியாபாரி முதலிலிருந்து கேட்கிறார்! பேப்பரை எடுத்தேன். என் போன் அடித்தது. நஸ்ரின்.

"டீச்சர், எங்க காலேஜ் பேஜ்ல விருதுநகர்ல இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்காரு…" குரல் உடைந்திருந்தது. "அவரு பக்கத்துல இருக்காரா?"

போனை ஸ்பீக்கரில் போட்டு மூட்டைமேல் வைத்தேன். கனி பாய் போனைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அத்தா."

"ம்."

"சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மறுபடியும் மாத்திரைக்குப் போய்விடுவார்களோ! நல்ல வேளை, அவள் போகவில்லை.

"அத்தா… நானே வாசிச்சுக் காட்டவா?"

வாசித்தாள். இங்கிலீஷில்தான். முதல் வரியிலிருந்து. கனி பாய் கண்ணை மூடவில்லை. அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாண்டி ஓடிய அந்த வரியில் அவள் குரலும் இறங்கியது. இவர் தலை லேசாக அசைந்தது. அங்கேதான் என்று தெரிந்துகொண்டார். பஜாரில் எங்கோ கல்யாணத்துக்குச் சரவெடி கொளுத்தினார்கள். அவள் நிறுத்தி, அது ஓயும்வரை பொறுத்திருந்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தாள்.

"முடிஞ்சிருச்சு அத்தா. தமிழ்ல சொல்லவா?"

"வேணாந்தா."

மகளைச் செல்லமாக 'தா' என்று அவர் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்றோ. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுத்தா."

"கேக்கலாம். கேளு. நீ கேக்காம யாரு கேப்பா? நாந்தான் சொல்லத் தெரியாம ஏசுனேன்."

பிறகு அவள்தான் சொன்னாள். "அம்மாவுக்கு ஓதுனீகள்ல… அத ஓதுங்கத்தா. அர்த்தம் கேக்க மாட்டேன். உங்க குரல்ல கேக்கணும் போல இருக்கு."

கனி பாய் எழுந்து கடைக்குப் பின்னால் இருக்கும் குழாயில் கை, முகம், கால் கழுவிவிட்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். போனுக்கு எதிரே மூட்டையில் உட்கார்ந்தார். நான் மெதுவாக எழுந்து ஷட்டர் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

ஓத ஆரம்பித்தார். முதலில் குரல் நடுங்கியது. போகப் போக நிதானமானது. மனைவி பெயரை நடுவில் ஒருமுறை சொன்னார். எனக்குத் தெரிந்த வார்த்தை அது ஒன்றுதான். டெல்லியில் அந்தப் பிள்ளை மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இங்கே ஷட்டர் ஓரம் நின்று நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? என் டீச்சர் வாழ்க்கையிலேயே முதன்முறையாக, நூற்றுக்கு நூறு போட்டேன்… ஒரு வரிகூடப் புரியாமல்.