முந்தானையில் முடிந்த கார்த் திறப்பு

வீட்டுக் காரில் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்குகிறவருக்கு வாய்த்த ஆயுதங்கள் இரண்டே இரண்டு: எட்டிப் பிடிக்க ஒரு கைபிரேக், கத்துவதற்கு ஒரு வாய். கால்பிரேக் எப்போதும் மற்றவரின் காலடியில்தான் இருக்கும். பெற்ற பிள்ளையிடம் ஒருநாளாவது ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்துச் சீற்றில் இருந்து பார்த்தவர்களே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து உங்கள் வலது காலும் என்னுடையதைப் போல ஓய்ந்து போயிருக்கும்.

என் தகப்பனார் திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படைக்கு லொறி ஓடியவர். அவர்கள் போன பிறகு கார் பழக்கத் தொடங்கினார். அவருக்குப் பின் அந்தச் சீற்றில் நான் ஏறினேன். பெண்பிள்ளைகளை நம்பி அனுப்பலாம் என்றுதான் முதலில் என்னிடம் வந்தார்கள். பிறகு ஆண்பிள்ளைகளையும் கொண்டுவந்து விட்டார்கள், நான் பொல்லாதவள் என்று அதற்குள் பெயர் பரவிவிட்டது.

நான் சொல்வது எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. வெளிநாட்டுச் சாமான் வராத காலம். ஒரு கார் நொறுங்கினால் அந்த வீட்டுக்கு இனிமேல் கார் இல்லை. அன்புவழிபுரத்தில் எங்கள் தெருவிலேயே இருந்த சின்னராசா அண்ணையிடம் ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. அண்ணைக்குத் துறைமுகத்தில் பகலும் இரவும் மாறி மாறி வேலை. கட்டைபறிச்சானில் கலியாணம் முடித்திருந்த மூத்த மகள் யோகராணிக்கு வயிற்றில் தலைப்பிள்ளை. பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வரப்போகிறாள். நோவு எடுக்கிற நேரம் அண்ணை வேலையில் நின்றால் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும். ஆகவே பதினெட்டு வயது மகன் ரவீந்திரன் அதற்குள் கார் பழக வேண்டும். "பழக்கிறது மட்டுமில்லை. திறப்பை எப்ப அவனிட்டக் குடுக்கலாம் எண்டும் நீங்கள்தான் சொல்லோணும்" என்று அண்ணை கார்ச் சாவியின் முழுப் பொறுப்பையும் என் தலையில் இறக்கினார். நான் ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்ட பிறகு விட்டுக்கொடுக்கிற பழக்கம் எனக்கில்லை.

முதலில் வாளி

முதல் நாள் ரவீந்திரன் தலைக்கு எண்ணெய் வைத்து, மேவி இழுத்து, வெள்ளைச் சேட்டுடன் வந்து நின்றான். நான் அவன் கையில் ஒரு வாளியைக் கொடுத்தேன். காரைக் கழுவு, பொனட்டைத் திற, தண்ணீர் பார், எண்ணெய் பார், நாலு சில்லுக்கும் கீழே குனிந்து நிலத்தில் பிரேக் எண்ணெய் ஒழுகிய ஈரம் இருக்கிறதா பார். கடைசியாக ஏறி இருந்து பிரேக்கை அமத்திப் பார். இதெல்லாம் முடிந்த பிறகுதான் எஞ்சின். ஒவ்வொரு நாளும் இப்படித்தான், ஒருநாளும் தவறக்கூடாது என்றேன்.

அவன் முகம் சுருங்கிப் போனது. தெருவால் போன கூட்டாளிமார் வேலியில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவனுக்கு அழுகை வராத குறை. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் வாளியைத் திருப்பி வாங்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவன் கார் ஓடியதைவிடக் கழுவியதுதான் கூட. அவனுடைய தாய் இராசம்மா அக்கா அடுப்பைப் பார்த்தபடியே குசினி வாசலில் நின்று ஒருநாள் சொன்னார்: "உடுத்த சாரத்தைக் கழட்டின இடத்திலேயே விட்டுட்டுப் போற பிள்ளை ரீச்சர், காருக்கு மட்டும் காதுக்குப் பின்னாலயும் ஊத்தை எடுக்கிறான்."

மானுக்கு முன்னால்

எங்கள் ஊர் மான்களை உங்களுக்குத் தெரியும். கோட்டைக்குள் மேய்ந்து அலுத்தால் வெளியே வந்து கடை வாசல்களில் வாழைப்பழத் தோல் தேடும். அன்று கோட்டை வாசலுக்குக் கிட்ட ஒரு பெரிய கொம்பன் நடு றோட்டில் நின்றது. ரவீந்திரன் ஹோர்னை விடாமல் அமத்தினான். மான் மிரண்டு பாய்ந்ததில் எதிரே சைக்கிளில் வந்த கிழவர் ஓரமாகச் சரிந்தார். நல்லகாலம், காயம் ஒன்றுமில்லை.

எனக்கு வந்த கோபத்தில், "எஞ்சினை நிப்பாட்டு" என்றேன். இறங்கிப் போய்க் கிழவரைத் தூக்கி, சைக்கிளை நிமிர்த்திக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு வரச் செய்தேன். ஹோர்ன் என்பது நீ வருகிறாய் என்று சொல்வதற்கு, மற்றவர்களைக் கலைப்பதற்கு இல்லை என்று அங்கேயே வைத்து ஒரு பாட்டம் பொழிந்தேன். நான் பேசி முடியும் வரை எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் நின்றிருக்கிறது. சாரதி ஹோர்ன் அடிக்கவில்லை. மெல்ல இறங்கி வந்து என் பக்கத்துக் கண்ணாடிக்குள் குனிந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "தங்கச்சி, மான் போய்க் கனநேரம். நீங்கள் எப்ப போறதா உத்தேசம்?"

கடைசி விளக்கு

லைசென்ஸ் பரீட்சையில் ரவீந்திரன் முதல் தடவையிலேயே பாஸ். அண்ணை சந்தோஷத்தில் தொதல் இனிப்புக் கொண்டுவந்து தந்து, "இனித் திறப்பைக் குடுக்கலாம்தானே?" என்றார். தொதலை வாங்கிக்கொண்டு, இன்னும் இல்லை என்றேன். காரைத் திருப்பத் தெரியும் என்று பரீட்சைக்காரர் எழுதிக் கொடுக்கலாம். ஆள் பக்கத்தில் இல்லாதபோது என்ன செய்வான் என்று அவருக்குத் தெரியுமா?

எனக்கு அடுத்த கிழமையே தெரிந்தது. இரவு வேலை முடித்து அண்ணை பகலில் நித்திரை. அவருடைய சேட்டுப் பொக்கற்றில் இருந்து திறப்பை எடுத்துக்கொண்டு, கூட்டாளிமாரையும் ஏற்றிக்கொண்டு ரவீந்திரன் உப்புவெளிக் கடற்கரைக்குப் போய்விட்டான். மணலில் புதைந்த காரைத் தள்ளி எடுக்கையில் ஒரு தென்னையில் இடித்து முன்விளக்கு உடைந்தது. வீட்டுக்கு வந்து உடைந்த பக்கம் வேலியோடு ஒட்ட நிற்பாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவனைப் போலச் சாப்பிட உட்கார்ந்தான். கண்டுபிடித்தது நான்தான். உடைத்ததைவிட ஒளித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நோவோடு அக்காள் காருக்குள் இருக்கிறபோதும் இப்படி ஒளிப்பானா?

அன்றிலிருந்து திறப்பு இராசம்மா அக்காவின் முந்தானை முடிச்சுக்குள் போனது. விளக்கை நீயே தேடிப் பிடி என்று அவனிடம் சொன்னேன். எந்தக் கடையிலும் புதியது இல்லை. வெயிலில் சைக்கிள் மிதித்து ஊரெல்லாம் அலைந்து, கடைசியில் கிண்ணியாவில் பழைய கார்களைக் கழற்றி விற்கிற ஹமீது நானாவிடம் ஒன்று கிடைத்தது. நானா அதைப் பழைய சாரத்தில் சுற்றிக் கொடுத்துச் சொன்னாராம்: "மகன், இதுதான் கடைசி. இதையும் உடைச்சா விளக்குத் தேடி வராத, காருக்கு முன்னால பந்தம் பிடிச்சிட்டு ஓடு."

நீங்களும் இறங்குங்கோ

யோகராணியைக் கூட்டிவர கட்டைபறிச்சானுக்கு ரவீந்திரனே காரை ஓடினான். பக்கத்தில் நான், பின்னால் இராசம்மா அக்கா. போகும்போதும் வரும்போதும் வாயைத் திறக்கமாட்டேன் என்று எனக்கு நானே கட்டளை போட்டிருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தவம் என்று புரியும்.

அந்தக் காலத்தில் அந்த வழியில் பாலங்கள் இல்லை. பாதை என்று நாங்கள் சொல்கிற, பலகை அடித்த பெரிய மிதவையில் காரை ஏற்றித்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். திரும்பி வருகையில் கிண்ணியாத் துறையில், சரிவுக்கு முன்பாகவே காரை நிற்பாட்டினான். தாயையும் தமக்கையையும் இறக்கினான். பிறகு என்னைப் பார்த்து, "ரீச்சர், நீங்களும் இறங்குங்கோ. எல்லாரும் இறங்கித்தான் ஏத்தோணும்" என்றான். சட்டம் அதுதான். ஆனால் இறங்கினால் என் கைபிரேக் போய்விடும். என்றாலும் இறங்கினேன். அவன் மெதுவாகப் பலகையில் ஏற்றி, பிரேக்கை இழுத்து, கியரில் விட்டு, இறங்கி வந்து நாலு சில்லுக்கும் முன்னும் பின்னும் கல் பொறுக்கி வைத்தான். எனக்குக் கண் கலங்கியது, காற்றில் மணல் பறந்தது என்று சொல்லிச் சமாளித்தேன். பாதை இழுக்கிற தொழிலாளி கற்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இண்டைக்குக் காரைவிடக் கல்லுத்தான் பாரம்."

எடடா காரை

அதற்குப் பிறகும் திறப்பைக் கொடுக்கச் சொல்லவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தது போதாது. நான் இல்லாத இடத்தில் அவன் எப்படி என்பது இன்னும் பாக்கியாக இருந்தது. "நோவு வந்த பிறகுதான் சொல்லப் போறியளோ?" என்று அண்ணை கோபித்துக்கொண்டார்.

அப்படியேதான் நடந்தது. ஒருநாள் மத்தியானம் யோகராணிக்கு நோவு கண்டது. அண்ணை துறைமுகத்தில், நான் வேறொரு பிள்ளையுடன் உப்புவெளிப் பக்கம். இராசம்மா அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துத் திறப்பை மகனிடம் எறிந்து, "எடடா காரை" என்றார். மாதக்கணக்காகக் காத்திருந்த திறப்பு அவன் கையில் விழுந்தது. அவன் ஓடிப்போய் ஏறவில்லை. குனிந்து சில்லுகளைப் பார்த்தான். பின் சில்லு ஒன்றுக்குக் கீழே எண்ணெய் ஈரம். ஏறி பிரேக்கை அமத்தினான், கால் அடிமட்டம் வரை போனது. இறங்கி வந்து, "ஏலாது அம்மா. பிரேக் இல்லை. நான் எடுக்கமாட்டன்" என்று திறப்பை நீட்டினான். இராசம்மா அக்கா அதைத் திரும்ப முடிந்துவிட்டுத் தலையில் அடித்து அழுதார். அயல் சனமெல்லாம் கூடிவந்து, மெதுவாகப் போகலாமே, பயந்தாங்கொள்ளி, இதற்கா இவ்வளவு நாள் பழகினாய் என்று வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அவன் கண்டி றோட்டுக்கு ஓடி, மீன் ஏற்ற நகரத்துக்கு வெறுமையாக வந்துகொண்டிருந்த லொறி ஒன்றைக் கைகளை விரித்து மறித்துக் கொண்டுவந்தான். தமக்கையை முன் சீற்றில் ஏற்றி, தானும் பக்கத்தில் இருந்துகொண்டு போனான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் பெண்குழந்தை பிறந்தது.

செய்தி கேட்டு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இராசம்மா அக்கா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "இப்ப குடுங்கோ அக்கா" என்றேன். ரவீந்திரன் திறப்பை வாங்கிப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு, பிரேக் திருத்துகிற ஆளைத் தேடிப் புறப்பட்டுவிட்டான். லொறியில் வந்தது கஷ்டமாக இருந்ததா என்று யோகராணியிடம் கேட்டேன். அவள் களைத்த முகத்தோடு சிரித்தாள். "நோவை விட அவன்ர கதைதான் ரீச்சர் தாங்க ஏலாமக் கிடந்தது. லொறிக்காரர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிரேக் போடப் போட, 'அக்கா, பிடிக்குது, பிடிக்குது' எண்டு சொல்லிக்கொண்டே வந்தான்."

இத்தனை வருடம் கார் பழக்கியதில், கொஞ்சமும் பயமில்லாமல் நான் திறப்பைக் கொடுக்கச் சொன்ன ஒரே பையன், காரை வீட்டில் விட்டுவிட்டு மீன் லொறியில் போனவன்தான்.